அம்பின் வாலில் இரண்டு முக்கோணம்

டெல்லியில் பனிமூட்டமா, கவுகாத்தியில் மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, பாட்னாவில் எத்தனை தூரத்துக்குக் கண் தெரிகிறது என்று யாராவது கேட்டால், இட்லித் தட்டை இறக்குவதற்குள் நான் சொல்லிவிடுவேன். கடலூர் முதுநகரில் தனியாகக் குடியிருக்கிற, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று பால்காரர் கூடக் கேட்டுவிட்டார். எதற்கா? என் பேத்தி விமானம் ஓட்டுகிறாள். பக்கத்து ஊருக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிற பேத்தி இருந்தாலே நாலு பேரிடம் சொல்வோம். இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் சம்பந்தியம்மா, அதாவது என் மருமகளைப் பெற்றவர். சிதம்பரத்தில் நடராஜர் கோயிலை ஒட்டிப் பூஜை சாமான் கடை வைத்திருந்த குடும்பம். படித்தவர், தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்ப்பவர். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சில் நன்றாக இருக்காது என்று என் பேச்சைக் குளிப்பாட்டித் தலை சீவி உட்கார வைத்திருக்கிறார். மனுஷர்கள் பேசிக்கொண்டதை மட்டும் அப்படியே போட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவரைப் பற்றி வரும் இடங்களில் பேனா நின்று நின்றுதான் போகிறது. போகட்டும்.

என் மகனும் மருமகளும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். பேத்தி பள்ளிக்கூட நாட்களில் என்னோடு முதுநகரிலும், லீவு நாட்களில் சிதம்பரத்திலும் வளர்ந்தாள். பிறகு விமானம் ஓட்டப் படிக்க வெளிமாநிலம் போய்விட்டாள். அவள் போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று உண்டானால் அது குக்கர் விசில்தான். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். அவர் இருந்தவரை ஜங்ஷனில் எந்த வண்டி எப்போது போகிறது என்று அவர் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன். அவர் போன பிறகு வண்டிகள் போகின்றன, சொல்ல ஆளில்லை.

படிக்கப் போன கொஞ்ச நாளில் பேத்தி போன் பண்ணினாள்.

"ஆயா, ஒனக்கு ஒரு வேல குடுக்கப் போறேன்."

"என்னடி வேல? முட்டி வலிக்குது, மாடியெல்லாம் ஏற மாட்டேன்."

"ஏற வேணாம். நா சொல்றதக் கேக்கணும், அவ்ளோதான். புரியலன்னா புரியலன்னு சொல்லணும்."

விஷயம் இதுதான். விமானத்தைக் கிளப்புவதற்கு முன்னால், கிளம்புகிற ஊர், போகிற வழி, இறங்குகிற ஊர் எல்லாவற்றிலும் வானம் எப்படி இருக்கிறது என்று பைலட் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் போதாது, வாய் விட்டுச் சொல்லவும் தெரிய வேண்டும். இவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சார், ஒன்றுமே தெரியாத ஒரு ஆளிடம் தினமும் சொல்லிப் பழகு, அவர்களுக்குப் புரிந்தால்தான் உனக்குப் புரிந்ததாக அர்த்தம் என்று சொல்லியிருக்கிறார்.

"ஏண்டி, ஒண்ணுமே தெரியாத ஆளுன்னு ஊரெல்லாம் தேடி என்னப் புடிச்சியா?"

"தேடவே இல்ல ஆயா. மொதல்ல நீதான் ஞாபகத்துக்கு வந்த."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று இரண்டு பேருக்குச் சாதம் வடித்துவிட்டேன். உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டுச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன்.

"ஏன் சம்பந்தி, நா நாலு எழுத்துப் படிச்சதுதான் குத்தமாப் போச்சா?" என்று கேட்டார்.

"கவலப்படாதீங்க. அவ எனக்குச் சொல்லுவா, நா ஒங்களுக்குச் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் அவள் பறக்கப் போவதற்கு முன்னால் போன் வரும். முதலில் காற்று: எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு வேகம். அடுத்தது எத்தனை தூரம் கண் தெரிகிறது. அடுத்தது மேகம். இந்த மேகக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வானத்தை எட்டுப் பங்காக வைத்துக்கொள்கிறார்கள். அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒன்றோ இரண்டோ என்றால் அங்கொன்றும் இங்கொன்றும். எட்டுக்கு எட்டு என்றால் முழுக்க மூடி. சொத்துப் பாகம் பிரிக்கிற மாதிரி வானத்தைப் பிரிக்கிறார்களே, இதில் அண்ணன் தம்பிச் சண்டை கிடையாதா என்று கேட்டேன். அவள் சிரித்ததில் போனில் கொர்ரென்று சத்தம் வந்தது.

பிறகு இரண்டு சூடு சொல்வார்கள். ஒன்று இப்போது இருக்கிற சூடு. இன்னொன்று, எந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்றில் இருக்கிற ஈரம் பனியாக இறங்கும் என்கிற சூடு. இந்த இரண்டும் கிட்டக் கிட்ட வந்தால் பனிமூட்டம் வரப்போகிறது என்று உஷாராகிவிட வேண்டும். நானும் சம்பந்தியம்மாவும் ஒரே சமையற்கட்டில் கிட்டக் கிட்ட வந்தால் மூட்டம் வருமே, அப்படி. (இந்த இடத்தில் பேனா நன்றாகவே நின்றது.) கடைசியில் காற்றின் அழுத்தம். அது எனக்குப் புரியவில்லை என்றேன். விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டுகிற முள்ளைச் சரி பண்ண அது வேண்டும் என்றாள். அப்போதும் புரியவில்லை. அது மட்டும் இன்றுவரை பாக்கி.

"இதெல்லாம் யாருடி பாத்துச் சொல்றாங்க?"

"ஒவ்வொரு ஏர்போர்ட்லயும் அதுக்குன்னு ஆளு இருக்காங்க ஆயா. மெஷினும் இருக்கு. அரை மணிக்கு ஒருவாட்டி பாத்துப் போடுவாங்க. முன்னெல்லாம் பைலட்டே அந்த ஆபீசுக்கு நடந்து போயி நேரா கேட்டுக்குவாங்களாம். இப்ப எல்லாம் டேப்லெட்லியே வந்துடுது. ஆனா ஒண்ணு, பாக்குறவங்க கண்ணுக்குத் தெரியறத மட்டுந்தான் சொல்லணும். மனசுல தோணுறத சொல்லக் கூடாது."

"நம்ம ஊர்ல அப்படி ஒரு ஆளு கூட கெடையாதே," என்றேன்.

பேச்சு முடிந்ததும் படம் அனுப்புவாள். பெரிய பெரிய ஊர்களுக்கு மேலே என்ன மேகம், என்ன காற்று என்று காட்டுகிற வரைபடம். எழுத்து கொஞ்சம்தான், மீதியெல்லாம் கோலம் மாதிரி. இடி மேகம் இருக்கிற இடத்தைச் சுற்றி முறுக்குப் பிழிந்த மாதிரி வளைவு வளைவாகக் கோடு. காற்றுக்கு அம்பு. அம்பின் வாலில் இறகு இறகாகக் கோடுகள். இறகு ஜாஸ்தியானால் காற்று ஜாஸ்தி. குட்டை இறகு பாதிக் கணக்கு. யோசித்துப் பாருங்கள், ரேஷன் கடை போர்டு கூடப் படிக்க முடியாத நான், பைலட்டுகள் படிக்கிறதைப் படித்தேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் போனை எடுத்துக் காட்டினேன். ஒரு அம்மா இது எந்த ஊர் பிளவுஸ் டிசைன் என்று கேட்டார்.

பரீட்சை எல்லாம் முடிந்து, பெரிய விமானத்தில் துணை பைலட்டாகச் சேர்ந்து டெல்லிக்குப் போன பிறகும் அவள் போனை நிறுத்தவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற காரில் உட்கார்ந்துகொண்டு பேசுவாள், படம் அனுப்ப மட்டும் நேரம் இருக்காது. அங்கே போனால் கேப்டனும் இவளும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பார்கள். இறங்குகிற ஊர் மூடிக்கொண்டால் வேறு எந்த ஊருக்குப் போவது, அதற்கு எண்ணெய் எவ்வளவு கூட ஊற்றுவது என்று பேசி முடிவு பண்ணுவார்கள். கடைசி வார்த்தை கேப்டனுடையது. அதற்கு முன்னால் முதல் வார்த்தை எனக்குக் கிடைக்கும்.

அந்தப் போன் வந்துவிட்டால் என் நாள் ஆரம்பித்துவிடும். டீயைக் குடித்துக்கொண்டே சிதம்பரத்துக்குப் போடுவேன்.

"சம்பந்தி, கவுகாத்தியில மேகம் எட்டுக்கு அஞ்சு."

"கவுகாத்தியில நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. தெரிஞ்சி வச்சிக்குங்க."

"சரி, சொல்லுங்க. மழ உண்டா?"

இவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டால் பிறகு சாயங்காலம் வரை மனுஷக் குரல் டிவியிலிருந்துதான் வரும். நான் டிவியைப் பார்ப்பதில்லை. அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு காய் நறுக்குவேன். மதியத்தில் வெயில் சுவர் ஏறுவதைப் பார்ப்பேன். ஆனால் ஒன்றும் குறையில்லை. நாளைக்குக் காலையில் போன் வரும் என்று இருந்தது.

இப்போது கூண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் துறைமுகத்தில் புயல் வருவதாக இருந்தால் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். உயரமான கம்பத்தில் கறுப்பாகக் கூம்பு மாதிரியும் உருளை மாதிரியும் கட்டித் தொங்கவிடுவார்கள். எந்த எண் கூண்டு என்று டிவியில் சொல்வார்கள். முதுநகர் ஆட்களுக்கு டிவி வேண்டாம், துறைமுகம் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னாலே போதும். எங்கள் தெருவில் ஒரு கணக்கு உண்டு. கூம்புக்கு மேல் கூம்பு என்றால் அரிசி பருப்பை எடுத்துப் பரணில் வை, மெழுகுவத்தி வாங்கு. சரியான கணக்கோ தப்பான கணக்கோ, அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் இருந்தோம். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் என் பிறந்த வீட்டில் பலா மரங்களும் முந்திரித் தோப்பும் இருந்தன. ஒரு பெரிய புயலில் விடிந்து பார்த்தால் அத்தனையும் வேரோடு படுத்துக் கிடந்தது. என் அண்ணன் அப்புறம் தோப்புப் பக்கமே போகவில்லை. அதனால் கூண்டு என்றால் நான் முதலில் பரணைத்தான் பார்ப்பேன்.

போன கார்த்திகைக் கடைசியில் வங்கக் கடலில் ஒன்று உருவாகி, எங்கள் துறைமுகத்திலும் கூண்டு ஏறியது. காலையில் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். வானம் எட்டுக்கு எட்டு. காற்று ஊதி ஊதி நின்றது. அந்த நேரத்தில் பேத்தியின் போன்.

"ஆயா, இன்னைக்கு டெல்லிலேர்ந்து கவுகாத்தி. நேரமாச்சி, படத்த அனுப்புறேன், நீயே பாரு. வரட்டா?"

படம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரித்துப் பார்த்தேன். அவள் போகிற வழியில் அம்புகள். அம்பின் வாலில் இறகைக் காணோம். அதற்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு முக்கோணம். அதை ஒட்டி இன்னொரு முக்கோணம். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. அவள் படிக்கும்போது ஓட்டியது குட்டி விமானம், தாழப் பறப்பது, அந்த உயரத்துப் படத்தில் இறகு மட்டும்தான் இருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கூம்புக்கு மேல் கூம்பு.

போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. சிதம்பரத்துக்குப் போட்டேன்.

"சம்பந்தி, பாப்பா போற வழியில கூண்டு ஏத்தியிருக்காங்க!"

"எங்க, வானத்துலியா?"

"படத்துல! ரெண்டு கூம்பு, ஒண்ணு மேல ஒண்ணு."

பேப்பர் படிக்கிறவர், குறுக்குக் கேள்வி கேட்பார் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை.

"ஐயோ நடராஜா! ரெண்டா?" என்றார். "நீங்க வைங்க. நா பேசுறேன்."

அவர் பேத்திக்குப் போட்டார். எடுக்கவில்லை என்றதும் மஸ்கட்டுக்குப் போட்டுத் தன் மகளிடம் சொன்னார். அவளும் பதறி அங்கிருந்து போட்டாள். நான் விடாமல் இங்கிருந்து போட்டேன். மூன்று ஊரிலிருந்து மூன்று பொம்பளைகள் ஒரு பெண்ணை மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். அவள் டெல்லியில் கேப்டனோடு உட்கார்ந்து அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசியில் என் போனைத்தான் எடுத்தாள்.

"ஆயா! யாருக்கு என்னாச்சு?"

"கண்ணு, ஏரோப்ளேன எடுக்காத! கெளம்பாத! ரெண்டு கூண்டு ஏத்தியிருக்குது!"

பின்னால் ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது. அவள் வேறு பாஷையில் பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "யாருக்கும் ஒண்ணும் இல்லல்ல? நல்லாதான இருக்க? வைக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவளே கூப்பிட்டாள். பத்திரமாக இறங்கியிருந்தாள். குரல் மட்டும் வேறாக இருந்தது.

"ஆயா, அது கூண்டு இல்ல. அதுவும் காத்துதான். எறகு பத்தாம போனா முக்கோணம் போடுவாங்க. ஒரு முக்கோணம் அஞ்சு எறகுக்குச் சமம். குளிர் காலத்துல வடக்க மேல எப்பவும் அப்படித்தான் அடிக்கும். நாங்க போற பக்கமாவே அடிச்சிது. முதுகுல கைய வச்சித் தள்ளுன மாதிரி. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே எறங்கிட்டோம். புயலுக்கு வேற படம், வட்டத்துக்கு ரெண்டு பக்கமும் வாலு இருக்கும்."

"அப்படியாடி! நல்ல காத்தா அது?"

அவள் சிரிக்கவில்லை.

"கேப்டன் என்ன நெனச்சார் தெரியுமா? மூணு பேரு மாத்தி மாத்திக் கூப்புடுறாங்க, வீட்ல யாரோ தவறிட்டாங்கன்னு நெனச்சிட்டாரு. இன்னைக்கு ஒன்னால ஓட்ட முடியுமா, மனசு சரியா இருக்கான்னு கேட்டாரு. அவரு அப்படிக் கேக்கணும், அதுதான் மொற. ஆனா நா புதுசு ஆயா. என்னப் பாத்துகினே இருக்காங்க. நா முடியும்னு சொன்னேன். சொல்லிட்டு, பாத்த படத்தையே திரும்பவும் பாத்தேன்."

"நா பயந்துட்டேண்டி."

"தெரியும். அதான் இனிமே கெளம்பறதுக்கு முன்னாடி நா பேசல. படமும் வேணாம். எறங்குனப்புறம் சொல்றேன். நீ நிம்மதியா இரு."

நிம்மதியாக இரு என்றுதான் சொன்னாள். கோபித்துக்கொள்ளக் கூட இல்லை.

புயல் எங்கள் பக்கம் வரவில்லை. ஆந்திராவுக்குப் போய்விட்டது. கூண்டை இறக்கினார்கள். பேத்தியும் சொன்னபடி செய்தாள். இறங்கிய பிறகு, "எறங்கிட்டேன் ஆயா" என்று ஒரு குரல் பதிவு வரும். அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். ஒரே வார்த்தையில் களைப்பாக இருக்கிறாளா, சாப்பிட்டாளா, ஜலதோஷமா என்றெல்லாம் கண்டுபிடிக்கப் பார்ப்பேன்.

காலையில் அந்த நேரத்துக்கு மட்டும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். டீ ஆறும். ஜங்ஷனில் ஒரு வண்டி கூவிவிட்டுப் போகும். சிதம்பரத்துக்கும் போடவில்லை. போட்டு என்ன சொல்வது? முதுநகரில் வெயில் என்றா? பால்காரர் ஒரு நாள், "இன்னைக்கு டெல்லி எப்பிடி ஆயா?" என்று கேட்டார். "பனி," என்றேன். எனக்குத் தெரியாது. பனியாக இருக்கும் என்று தோன்றியது.

மார்கழி வந்தது. ஆருத்ரா தரிசனத்துக்கு வருஷா வருஷம் சிதம்பரம் போவேன். இந்த வருஷம் போகவேண்டாம் என்று கிடந்தேன். சம்பந்தியம்மாதான் கூப்பிட்டார்.

"வரீங்களா, இல்ல ரதத்த முதுநகருக்கு அனுப்பணுமா?"

பஸ் ஏறிப் போனேன். அவர் வீட்டிலும் என் வீட்டு அமைதிதான். கடையை வாடகைக்கு விட்டுவிட்டார். அவர் வீட்டுக்காரரும் இல்லை. சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்தபோது சொன்னார்:

"ஒரு மாசமா நீங்க போன் பண்ணல. கவுகாத்தியில மழயா வெயிலான்னு தெரியாம ஒரு மாதிரியா இருந்துது. பேப்பர்ல தேடுனேன். போடவே இல்ல."

"அங்க நமக்கு யாரு இருக்கான்னு கேட்டீங்களே."

"கேப்பேன். அதுக்காக நிறுத்திடறதா?"

அன்றைக்குத்தான் புரிந்தது, அந்தப் போன் நின்றதில் ஒரு வீடு மட்டும் இருளவில்லை என்று. என் வீட்டுக்கு வந்தது அங்கேயும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் விடியும்போது கோயிலுக்குப் போனோம். நல்ல பனி. சனங்கள் கும்பல் கும்பலாகப் போகிறார்கள், பத்தடிக்கு அப்பால் ஆட்கள் கரைந்துவிடுகிறார்கள். கீழக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் காணோம். என்ன தோன்றியதோ, போனை எடுத்து, பேத்தியின் படத்தைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பிடித்தேன். அதற்கு எழுத்து வேண்டாம்.

"சிதம்பரம். கீழக் கோபுர வாசல். காத்து இல்ல, கொடி தொங்கிகினு இருக்குது. கோபுரம் பாதிதான் தெரியுது. மேகம் எட்டுல எத்தினின்னு சொல்ல முடியாது, மேல பாத்தா ஒண்ணும் தெரியல. சூடு எவ்வளவுன்னு தெரியாது, ஒங்க அம்மாச்சி சால்வ மேல சால்வ போத்திகினு நிக்கிறாங்க. காத்து அழுத்தம் எனக்கு இன்னும் புரியல. கூண்டு இல்ல. ஆயாவுக்குப் பயம் இல்ல. அவ்ளோதான்."

"என்னா சம்பந்தி, எங்கப்பன நெனைக்கிற நேரத்துல என் சால்வய எதுக்கு இழுக்கிறீங்க?" என்று சம்பந்தியம்மா சொன்னதும் அதில் சேர்ந்தே போய்விட்டது.

தரிசனம் முடித்து வீட்டுக்கு வந்து, களி தின்னும்போது பதில் வந்தது. குரல் இல்லை, படம். வரைபடம். பின்னாலேயே போன் அடித்தது.

"ஆயா, இந்தப் படத்துல என்ன தெரியுது சொல்லு. தெரியறத மட்டும் சொல்லு. தோணுறத சொல்லாத."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார், தானும் தலையை நீட்டினார்.

"அம்பு தெரியுது. வால்ல ஒரு முக்கோணம், ரெண்டு எறகு. நீ எந்தப் பக்கம் போற?"

"கவுகாத்திலேர்ந்து டெல்லிக்குத் திரும்பறேன்."

"அப்ப ஒனக்கு எதுத்த காத்து. லேட்டா எறங்குவ. பயப்பட ஒண்ணும் தெரியல."

அந்தப் பக்கம் சிரிப்பு. கொர்ரென்ற அதே சத்தம். சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். களியில் காரம் இல்லை, எனக்குத் தெரியும்.

"ஆயா, ஒரு கண்டிஷன். கெளம்பறதுக்கு முன்னாடி பேசுனா, அப்புறம் நீ கூப்புடக் கூடாது. அம்மாச்சியும் கூப்புடக் கூடாது."

"நா ஏண்டி கூப்புடப் போறேன்?" என்று சம்பந்தியம்மா பக்கத்திலிருந்து கத்தினார். "ஒங்க ஆயாதான் கூம்பு கூம்புன்னு கத்துனாங்க!"

பழையபடி தினமும் வருகிறது என்று சொல்ல முடியாது. இப்போது அவளுக்கு வேலை ஜாஸ்தி, அறையில் கூடவே தங்குகிற தோழிகள் இருக்கிறார்கள், பேச வேறு ஆட்களும் இருப்பார்கள். வராத நாளில் நானே மைக்கை அழுத்தி முதுநகரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். எங்கள் ஊரில் விமானம் இறங்காது, இந்த வானத்தை வைத்து யாரும் ஒன்றும் முடிவு பண்ணப்போவதில்லை. இருந்தாலும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாள் இல்லையா. சிதம்பரத்துக்குச் சம்பந்தியம்மா இருக்கிறார். அவர் சொல்வதில் இலக்கணம் சுத்தமாக இருக்கும், மேகக் கணக்கு மட்டும் கூடக் குறையப் போகும்.

போன மாதம் ஒரு காலை போன் வந்தது.

"ஆயா, இன்னைக்கு சென்னைலேர்ந்து கொழும்பு. கடலோரமா தெற்க வருவோம். நா ஒக்கார்றது வலது பக்கம். அந்தப் பக்கந்தான் கடலூரு. மேகம் இல்லன்னா மேலேருந்தே தெரியும். நம்ம ஊர்ல வானம் எப்படி இருக்கு?"

ஜன்னலில் தெரிகிற துண்டு வானத்தை வைத்துச் சொல்லக் கூடாது. வைக்காதே என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மாடிக்கு ஏறினேன். வருஷக்கணக்காக ஏறாத மாடி. யாரோ விட்ட பட்டம் ஒன்று கிழிந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்தது. கிழக்கே பார்த்தேன். துறைமுகம், அதற்கப்பால் கடல், அதற்கு மேலே வானம். நான்கு திசையும் சுற்றிப் பார்த்தேன். எங்காவது ஒரு பங்கு, அரைப் பங்கு கிழிந்திருக்கிறதா என்று தேடினேன். ஏழு என்று சொல்லிவிடலாமா என்று கூட இருந்தது. ஏழு என்றால் அவள் ஆசையோடு எட்டிப் பார்ப்பாள்.

"எட்டுக்கு எட்டு கண்ணு," என்றேன். "ஒரு பொத்தல் கூட இல்ல."

"அப்படியா," என்றாள். பிறகு, "சரி ஆயா, வரட்டா?" என்றாள்.

கீழே இறங்க மனம் வரவில்லை. அவள் கடலுக்கு மேலே வெகு தூரத்தில் போவாள், சத்தம் கூடக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். டீ கீழே ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கொழும்புக்கு அவள் போய்ச் சேர்ந்திருப்பாள் என்கிற நேரத்துக்கு இறங்கினேன்.

சாயங்காலம் கேட்டேன்: "மேலேருந்து என்னடி தெரிஞ்சிது?"

"ஒரே மேகம் ஆயா. வெள்ளை வெளேர்னு, பஞ்சு விரிச்ச மாதிரி. வெயில்ல கண்ணு கூசிச்சி. ஒனக்குக் கீழேருந்து?"

"அதே மேகந்தாண்டி," என்றேன். "இந்தப் பக்கம் சாம்பல்."